குளத்தில் இறங்கிய ஏரோப்ளேனுக்கு இரண்டு ஸ்பிரிங்

எங்கள் பணிமனைத் தொழிலாளர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களில் பேனா பிடிக்கத் தெரிந்தவன் நான்தான் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "அண்ணாச்சி, இப்ப ஸ்பிரிங் எல்லாம் பெட்டியில நம்பர் போட்டு வருது. பழசக் கழத்திப் புதுச மாட்டுகோம், அவ்வளவுதான். அந்தக் காலத்துல நீங்க உலையில காய்ச்சிச் செஞ்சியளாமே, அத எழுதித் தாருங்க" என்றார்கள். சரி என்றேன். வாசல் வரைக்கும் போன ஒருவர் திரும்பி வந்து, "அந்த ஏரோப்ளேன் சமாச்சாரத்தையும் விட்டிராதிய" என்றார். அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு முதலிலேயே தெரியும். முப்பத்தாறு வருடம் பஸ்ஸுக்கு ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். அதைப் பற்றி இன்றுவரை ஒரு ஆளும் கேட்டதில்லை. எட்டு நாள் வேலையைத்தான் கேட்கிறார்கள். நானும் மனுஷன்தானே, அதைச் சொல்ல எனக்கும் பிடிக்கத்தான் செய்கிறது.

என் தகப்பனார் மிஷன் சபையில் உபதேசியார். என்னை வாத்தியாராக்க வேண்டும் என்பது அவர் ஜெபம். எனக்கோ பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கொல்லப்பட்டறையில்தான் கண். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூன்று வருடம் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடித்து, அதன் பிறகு நாகர்கோவிலில் ஒரு பஸ் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அது இருபதுகளின் நடுவில். ஊரில் மோட்டார் வண்டி வந்தால் வைக்கோல் போரைத் தாண்டி மாடு ஓடிய காலம். ரோடு என்று பெயர்தானே தவிர, குழிக்கு நடுவில் கொஞ்சம் ரோடு இருக்கும். அதனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் என்ஜின்காரனைவிட ஸ்பிரிங்காரனுக்குத்தான் வேலை அதிகம். பஸ் ஸ்பிரிங் என்பது வளைத்து அடுக்கிய இரும்புப் பட்டைகள்தான்; வாரத்துக்கு நாலு பட்டையாவது முறிந்து வரும்.

ஒர்க்‌ஷாப்புக்குத் தலைவர் மைதீன் மேஸ்திரி. கோட்டாற்றுக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, எண்ணெய் படாத வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையின் பையில் மடக்கு அளவுகோலும் கனம் அளக்கும் காலிப்பரும் இருக்கும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்தும் பார்த்ததில்லை. நீங்கள் தப்பாக ஒரு வேலையைத் தொடங்கினால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். முடித்த பிறகு அளப்பார். தப்பென்றால் அந்த உருப்படியை எடுத்து, செய்தவன் பெயரைச் சாக்பீஸால் அதன் மேல் எழுதி, ரோட்டைப் பார்த்த ஜன்னல் விளிம்பில் ஒரு மாதத்துக்கு வைத்துவிடுவார். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எல்லாம் அதை வாசிக்கும். இதற்கு நாலு வசவு வாங்கினால் தேவலை என்று இருக்கும்.

அவர் வைத்திருந்த இன்னொரு சட்டம்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. எந்த வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றினாலும், மாற்றியவன் அந்த வண்டியின் முதல் ஓட்டத்தில், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள இருக்கையில் உட்கார்ந்து போய் வர வேண்டும். விலக்கே கிடையாது. ஜனங்களுக்கும் இது தெரிந்துபோயிற்று. காக்கி உடுப்பும் கரிமூஞ்சியுமாக ஒருவன் பின்சக்கரத்து மேல் உட்கார்ந்திருந்தால், எல்லோரும் எதிர்ப்பக்கம் போய் நெருக்கியடித்து உட்கார்வார்கள். நான் முதன்முதலில் தனியாகப் போட்ட பட்டை தோவாளை தாண்டும்போது முறிந்தது. வண்டி சாய்ந்த சாய்ப்பில் நான் ஜன்னல் வழியாக வெளியே போய், ரோட்டோரம் சந்தைக்கு ஏற்ற வைத்திருந்த பிச்சிப்பூக் கூடைகளில் விழுந்தேன். அடி இல்லை. ஆனால் மூன்று நாள் என் மேல் கல்யாண வீட்டு வாசனை அடித்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பதுகளின் நடுவில், மேட மாதம் கழிந்து இடவம், அதாவது வைகாசி, பிறந்த சமயம். சுசீந்திரத்துக்குக் கிழக்கே ஒரு குளத்தில் ஏரோப்ளேன் விழுந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இரண்டு ஊர்க்காரர்கள் அது தங்கள் பக்கத்தில்தான் இறங்கியது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். விழவில்லை, இறங்கியதுதான். கோடையில் குளம் வற்றித் தரை காய்ந்து கிடந்தது. வழியில் எண்ணெய்க் குழாய் ஒன்று ஒழுகி என்ஜின் சூடேறவே, ஓட்டி வந்தவர் மேலிருந்து பார்த்து, வரப்பில்லாத ஒரே சமதரை அதுதான் என்று இறக்கியிருக்கிறார். நல்ல கணக்குத்தான். ஆனால் எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் கோடையில் குளத்து வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கடைசி இருபது கெஜத்தில் அப்படியொரு வண்டல் குழியில் இடது சக்கரம் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே அவர் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கொல்லத்துப் பக்கத்து இளைஞர், பெயர் சாக்கோ. அவர் வீட்டுக்குக் கிழக்கு மலையில் தேயிலைத் தோட்டம். விமானம் அவருடையது அல்ல. சென்னையில் அவர் ஓட்டப் படித்த கிளப்பின் விமானம். குமரிமுனையை ஒரு சுற்றுச் சுற்றித் திருவனந்தபுரம் போய் இறங்குகிறேன் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். தோளில் துண்டைப் போட்டதுபோல ஒரு சாக்கைப் போட்டிருந்தார். அதை மேஜையில் கவிழ்த்தார். விமானத்தின் இடது சக்கரத்தைத் தாங்கும் காலுக்குள் இருந்த சுருள் ஸ்பிரிங், மூன்று துண்டாக.

"மேஸ்திரி, எண்ணெய்க் குழாய நானே அடைச்சாச்சு. ஈ ஸ்பிரிங் மாத்திரம் கிட்டினா மதி, அது போதும். கப்பல்ல வரணும்னா மூணு மாசம் ஆகும்."

"வலது காலு?" என்றார் மேஸ்திரி.

"முறியல. கொஞ்சம் குறுகிப்போச்சு."

மேஸ்திரி அந்தத் துண்டுகளை எடுத்தார். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். அதற்குள் நான் வாயைத் திறந்தேன். "ரெண்டு காலுக்கும் நான் செஞ்சு தாரேன்." எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஏரோப்ளேனைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

மறுநாள் குளத்துக்குப் போனோம். கரை முழுக்க ஆள். கடலை விற்கிறவன் வரை வந்தாயிற்று. விமானம் இடது தோள் சாய்ந்து நின்றது. இரண்டு பேர் ஏறினால் நிறைந்துவிடும் சின்ன விமானம். உடம்பெல்லாம் மரச்சட்டமும் அதன் மேல் இழுத்துக் கட்டிய துணியும்தான். ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், உள்ளே அந்தச் சுருள் ஸ்பிரிங். இறங்கும்போது அடியை வாங்குவது அதுதான்.

கரையில் குடையோடு நின்ற நல்லபெருமாள் பிள்ளை எங்களைக் கண்டு இறங்கி வந்தார். அந்தக் குளத்துத் தண்ணீர் முறையைப் பார்க்கும் காரியக்காரர் அவர்தான். அந்தக் குளம் பாயும் வயல்கள், ஆயக்கட்டு முழுக்க, அவர் சொல்லுக்கு நிற்கும்.

"வேய் மேஸ்திரி, இது என்னைக்கு எந்திரிச்சுப் போவும்? வாற வியாழக்கிழமை இஞ்ச தண்ணி வந்திரும். பேச்சிப்பாறை அணையைத் தொறக்க நாள் குறிச்சாச்சு."

"ஒரு நாலு நாள் தள்ள முடியாதா பிள்ளைவாள்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"என்னடே பேசுக? ஏரோப்ளேன் நிக்குதுன்னு நான் மதகை அடைச்சா, கடைமடைக்காரன் எனக்க வீட்டு முற்றத்துல நாத்துப் பாவுவான்."

விமானத்தை முப்பது பேர் தூக்கிக் கரையில் வைத்துவிடலாம்தான். சாக்கோவே அதைச் சொன்னார். ஆனால் சுற்றிலும் வரப்பு போட்ட வயல், இல்லாவிட்டால் தென்னை. அந்தக் குளத்தரையை விட்டால் அது ஓடி எழும்ப ஒரு இடம் கிடையாது. குளம் அடுத்த வருடம் வற்றும்வரை கரையிலேயே கிடக்க வேண்டும். இடவம் பாதியில் தொடங்கும் மழையில் துணியும் மரமும் இற்றுப்போகும். "அப்புறம் கிளப்புல எனிக்கு ஒரு சைக்கிள்கூடத் தர மாட்டாங்க" என்று சிரித்தார் சாக்கோ. சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. அவருக்கு வேறு ஒன்றின் மேலும் ஆசை கிடையாது என்று அந்த முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வியாழக்கிழமைக்குள் அந்த விமானம் குளத்தைவிட்டுப் பறக்க வேண்டும். அதற்கு இரண்டு ஸ்பிரிங் வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

நான் மூன்று துண்டையும் நூலால் கட்டி அளவெடுத்தேன். பத்துச் சுற்று, பத்து அங்குல நீளம், சுருளின் அகலம் மூன்று அங்குலம். கம்பிக் கனம் மூன்று நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது எங்கள் கணக்கு. ஸ்டோரில் மூன்று நூல் ஸ்பிரிங் கம்பி பதினாறு அடி இருந்தது. பக்கத்தில் நான்கு நூல் கம்பியும் இருந்தது. என் கை நான்கு நூலுக்குத்தான் போயிற்று.

பஸ்காரன் புத்தி அது. எங்கள் ரோட்டில் பத்துப் பட்டை போட்ட ஸ்பிரிங் முறிந்தால் பதினோராவது பட்டை வைத்துக் கட்டுவோம். அப்படிப் பழகிய கை. மூன்று நூல் முறிந்துவிட்டது, அப்படியானால் நான்கு நூல் போடு. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். சாக்கோவும் சரி என்றார். மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை இரண்டு ஸ்பிரிங்கும் தயார். கறுத்து மினுங்கிக்கொண்டு, யானைக்குப் போட்டாலும் தாங்கும். மேஸ்திரி ஒரு மரச்சட்டம் செய்யச் சொன்னார். நடுவில் ஸ்பிரிங்கை நிறுத்தி, மேலே பலகை வைத்து, நான்கு சாக்கு நெல் ஏற்றச் சொன்னார். விமானம் ஆளோடு நிற்கும்போது ஒரு சக்கரத்தின் மேல் வரும் பாரம் அவ்வளவு என்று சாக்கோவிடம் கேட்டு வைத்திருந்தார். முதலில், குளத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த, முறியாத பழைய வலது ஸ்பிரிங்கை நிறுத்தினார்கள். மூன்று அங்குலம் இறங்கியது. அடுத்து என்னுடையது. முக்கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

"பாத்தியளா, அசையல்ல" என்றேன் பெருமையாக.

மேஸ்திரி சாக்கோவைப் பார்த்தார். "ஏரோப்ளேன் தரையில வந்து இடிக்கும்போது ஸ்பிரிங் அசையலன்னா, எது அசையும்?"

சாக்கோவின் முகம் வெளுத்துவிட்டது. "பாடி. மரச்சட்டம். ரெண்டாப் பிளந்து போகும்."

மேஸ்திரி முறிந்த பழைய துண்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். முறிந்த முகத்தில் பாதி கறுத்து, பாதி வெள்ளிபோல் இருந்தது. கறுத்த பாதி எப்போதோ கீறல் விட்டது. அதில் அழுக்கு ஏறியிருந்தது. கம்பி மெலிவு அல்ல காரணம், கீறலோடு ஓடிய ஸ்பிரிங் அது. மூன்று நூல்தான் சரி. அவர் இதை முதல் நாளே பார்த்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மேஸ்திரி? மூணு நாளு போச்சே."

"நீ கேக்கல்ல. செஞ்சு தாரேன்னுதான் சொன்ன."

என் பெயரை எழுதி இரண்டையும் ஜன்னலில் வைத்தார். நாகர்கோவில் முழுக்க ஏரோப்ளேனையே பேசிக்கொண்டிருந்த வாரம் அது. ஒரு மணி நேரத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. அதற்கு வீட்டில் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். உலைக்குப் போனால், எனக்கு முன்பே மேஸ்திரி அங்கே நிற்கிறார். சட்டையைக் கழற்றி ஆணியில் தொங்கப் போட்டிருந்தார். பத்து வருடத்தில் அவரைப் பனியனோடு நான் பார்த்தது அன்றுதான்.

"கம்பி பதினாறு அடிதான் இருக்கு. ஒண்ணு பிழைச்சா மாத்து இல்ல. நாளும் இல்ல. ஆளுக்கு ஒண்ணு. இடது ஒனக்கு, வலது எனக்கு."

தேங்காய்ச் சிரட்டைக் கரியை நீளமாகக் கொட்டி, ஏழடிக் கம்பி முழுக்க ஒரே நிறத்தில் பழுக்கும்படி உலை மூட்டினோம். லேத்தில் ஒரு இரும்பு உருளையை மாட்டி, கம்பியின் நுனியை அதில் கோத்து, பழுத்த சூட்டிலேயே சுற்ற வேண்டும். லேத்தைக் கையால் சுழற்றுகிறவனும் கம்பியை விடுகிறவனும் ஒரே மூச்சில் இருக்க வேண்டும். ஒருவன் தயங்கினால் ஒரு சுற்று நெருங்கிப்போகும். என் கம்பியை அவர் சுழற்ற நான் விட்டேன். அவருடையதை நான் சுழற்ற அவர் விட்டார். பத்துச் சுற்று, ஆளுக்கு ஒரே எண்ணிக்கை.

துவைச்சல்தான் உயிர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, அதற்கு முறுக்கு ஏற்றுவதைத் துவைச்சல் என்போம். செம்பருத்திப்பூ நிறம் வந்ததும் தேங்காயெண்ணெயில் இறக்கினோம். இறக்கியதும் ஸ்பிரிங் கண்ணாடிபோல் இருக்கும். கீழே போட்டால் உடையும். அந்தத் திமிரைக் குறைக்க, எண்ணெய் வடிய மறுபடி கனலின் மேல் காட்ட வேண்டும். ஒட்டியிருக்கிற எண்ணெய் புகைந்து, தானே தீப்பற்றி, நீலமாக எரிந்து அணையும். மறுபடி எண்ணெயில் முக்கு, மறுபடி எரி. மூன்று முறை. ஒரு பக்கம் முன்னால் எரிந்து மறுபக்கம் பின்னால் எரிந்தால் போச்சு. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து உலையில் மேஸ்திரியின் கையைப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்த மனுஷன் ஏன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவ்வளவு சுத்தமான கை.

திங்கட்கிழமை மரச்சட்டத்தில் நிறுத்தி நெல் ஏற்றினோம். என்னுடையது மூன்று அங்குலம். அவருடையதும் மூன்று அங்குலம். அதோடு விடவில்லை. வைஸ் இடுக்கியில் வைத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும்வரை நெரித்து விட்டார். அளந்தார். இரண்டும் அரை நூல் குறைந்திருந்தன. மறுபடி நெரித்தார். மறுபடி. அதற்கு மேல் ஒரு மயிரிழை குறையவில்லை; துவைச்சல் சரி என்று அர்த்தம். சாக்கோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேஸ்திரி சட்டையைப் போட்டுக்கொண்டார்.

செவ்வாயும் புதனும் குளத்தில். நல்லபெருமாள் பிள்ளை குடையை ஆட்டி ஆட்டி ஊர் ஆட்களைக் கொண்டு வண்டல் குழிகளை எல்லாம் மூடி, உருளை ஓட்டி, ஒரு பாட்டை அடித்திருந்தார். தண்ணீரைத் தள்ளி வைக்க முடியாது என்றவர்தான் இதையும் செய்தார். விமானத்தை ஜாக்கி வைத்துத் தூக்க முடியாது, துணியைக் கிழித்துவிடும். சாக்கோ காட்டிய மரச்சட்டத்துக்கு நேர் கீழே நெல் மூட்டைகளை அடுக்கி, மேலே கயிற்றுப் பாயை மடித்துப் போட்டு, அதன் மேல் அமர்த்தினோம். நெளிந்த உள்குழாயை மரச்சுத்தியால் தட்டி நேராக்கினேன். ஸ்பிரிங்கை நெரித்துக் குழாய்க்குள் இறக்கிக் குறுக்கு ஆணி போடுவதற்குள் நாலு பேருக்கு மூச்சு வாங்கியது. புதன் சாயங்காலம் மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவினோம். விமானம் மெல்ல இறங்கி, இரண்டு தோளும் சமமாக நின்றது.

எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"நாளைக்குக் காலைல நீ ஏறு."

"எதுல?"

"இதுல."

"மேஸ்திரி, இது பஸ்ஸு இல்ல."

"சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"ஸ்பிரிங் நீ போட்டதா?"

"இடது நான் போட்டது."

"பின்ன என்ன?" என்றார்.

சாக்கோவுக்கு இது பிடித்துப்போயிற்று. ஏறினால் மட்டும் போதாது, இறங்கினால்தான் ஸ்பிரிங்குக்குப் பரீட்சை என்று அவரே சொன்னார். ஒரு சுற்றுச் சுற்றி இதே பாட்டையில் இறங்கிப் பார்ப்பது, சரியென்றால் அப்படியே திருவனந்தபுரம் கிளம்புவது. தண்ணீர் உச்சிவேளைக்குத்தான் வரும். நேரம் இருக்கிறது.

வீட்டில் என் மனைவி ரோசம்மாளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பஸ்ஸுலன்னா பூக்கூடையில விழுந்திய. இப்ப எதுல விழுவிய?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். காலையில் அவள் வேதப் புத்தகத்தை என் தலையில் வைத்து வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தாள். எனக்கும் பயம்தான். துவைச்சல் கொஞ்சம் ஏறியிருந்தால் இறங்குகிற அடியில் ஸ்பிரிங் உடையும். உடைந்தால் விமானம் மூக்கில் குத்திக் கரணம் போடும். பஸ் என்றால் சாயும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை கரையில் தேர்க்கூட்டம். சாக்கோ பின்னால், நான் முன்னால். என் இடுப்பில் ஒரு வாரைக் கட்டினார். என்ஜின் அலறியது. பாட்டையில் ஓடினோம். கடகடவென்று உதறிய உதறல் திடீரென்று நின்றது. நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால் நல்லபெருமாள் பிள்ளையின் குடை ஒரு பொத்தான் அளவுக்கு இருக்கிறது.

நான் நாஞ்சில் நாட்டை அதன் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் பார்த்ததுபோல் ஒரு முறையும் தெரிந்ததில்லை. சுசீந்திரம் கோபுரத்தை மேலே இருந்து பார்த்தேன். மருத்துவாழ்மலை ஒரு பக்கம், தெற்கே கண் போகிற மட்டும் கடல். பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். காற்று வாயை அடைத்தது. அப்போதுதான் கீழே கால்வாயைப் பார்த்தேன். மேற்கேயிருந்து வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. குளத்துக்கு இன்னும் அரை மைல்கூட இல்லை. தண்ணீர். உச்சிவேளை வரைக்கும் அது காத்திருக்கவில்லை.

திரும்பிக் கத்தினேன். சாக்கோவுக்குக் கேட்கவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டார். விமானத்தைச் சாய்த்துத் திருப்பிய திருப்பில் என் வயிறு மேலேயே தங்கிவிட்டது. குளத்தரை எழும்பி எழும்பி வந்தது. நான் இடது சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தரை தட்டியது. கால் உள்ளே போயிற்று. மூன்று அங்குலம், நாலு, ஐந்து, இனி போக இடமில்லை என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, மெல்ல எங்களைத் தூக்கிவிட்டது. மறுபடி தட்டியது. மறுபடி வாங்கிக்கொண்டது. அதன் பிறகு ஓடினோம், மாட்டு வண்டி மாதிரி, சுகமாக. கரை முழுக்கக் குலவையும் கூச்சலும். அந்தச் சத்தம் எனக்கே எனக்கு என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்ஜினை அணைக்கவில்லை. மேஸ்திரி நடந்து வந்து குனிந்து இடது காலை அளந்தார். வலது காலை அளந்தார். நான் வாரை அவிழ்த்துக்கொண்டே, "தண்ணி வந்தாச்சு, அவரு போவட்டும்" என்று கத்தினேன். குளத்தின் மேற்கு மூலையில் மடை வாயிலிருந்து நுரையோடு தண்ணீர் விழுந்து பரவத் தொடங்கியிருந்தது.

"எறங்கு" என்றார் மேஸ்திரி. இறங்கினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, நான் இறங்கிய படியில் காலை வைத்தார்.

"மேஸ்திரி, எங்க போறிய?"

"வலது நான் போட்டது."

சாக்கோ பின்னாலிருந்து கையை ஆட்டினார். "மேஸ்திரி, இனி இஞ்ச எறங்க முடியாது. திருவனந்தபுரம்தான்."

"நம்ம வண்டி அங்கேயிருந்து நாகர்கோவிலுக்கு ஓடுதுல்லா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, வாரைத் தானே கட்டிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்த அளவுகோல் விழுந்துவிடாமல் கையால் பொத்திக்கொண்டார். விமானம் திரும்பியது. தண்ணீர் பாட்டையின் மேற்கு நுனியை நனைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி ஓடிக் கரைக்கு மேலே எழும்பி, தென்னந்தலைகளுக்கு அப்பால் போயிற்று. நல்லபெருமாள் பிள்ளை குடையை மடக்கி, முதல் தடவையாக வெயிலில் நின்றார். "நல்ல மனுசன்வே" என்றார் என்னிடம்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருவனந்தபுரத்துத் தரை எப்படி இருக்குமோ, இரண்டாவது இறக்கத்தைத் தாங்குமோ என்று ஒர்க்‌ஷாப்புக்கும் பஸ் நிறுத்தத்துக்குமாக நடந்தேன். மறுநாள் மத்தியான வண்டியில் மேஸ்திரி வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை செம்மண் நிறமாகியிருந்தது. கையில் வாழையிலைப் பொட்டலம். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். அவர் குழாயடியில் முகம் கழுவி, துடைத்து, நிதானமாகச் சொன்னார்.

சாக்கோவின் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் மாலையோடு மைதானத்தில் காத்திருந்திருக்கிறார்கள். விமானம் அலுங்காமல் இறங்கியது. முன்னால் இருந்தவர்தானே முதலில் இறங்க வேண்டும். மேஸ்திரி இறங்கினார். ஆளைத் தெரியாத ஒரு பெரியவர் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார். மேஸ்திரி அதைக் கழற்றப் போனபோது சாக்கோ, "வேண்டாம், ஆளு சரிதான்" என்று தடுத்துவிட்டாராம்.

பொட்டலத்தைப் பிரித்தார். வாடிய ரோஜாவும் பிச்சியும். அந்த மாலையின் நாரை நடுவில் பிடித்துப் பல்லால் கடித்து அறுத்தார். அவிழ்ந்து விழாமல் இரண்டு நுனியையும் முடிந்தார். ஒரு பாதியை மறுபடி இலையில் சுருட்டி வைத்துக்கொண்டு, மறுபாதியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, இடது காலுக்கு உள்ளது."